ஐந்து கிராம் ஆகாய விமானம்!

ஆபீஸில் ஒரு ஏ4 தாளை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம்? லீவ் லெட்டர் எழுதலாம். பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுக்கலாம். ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் எட்டாக மடித்துச் சொருகலாம். மேனேஜர் மீட்டிங்குக்குப் போன அடுத்த நிமிஷம், நடுவில் ஒரு மடிப்பு மடித்து, இரண்டு காதுகளையும் உள்ளே தள்ளி, மறுபடி மடித்து... ஸ்ஸ்ஸூம்! மூன்றாவது டேபிள் டெஸ்பாட்ச் கிளார்க்கின் வழுக்கையில் லாண்டிங்.

பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் 'ராக்கெட்'. நிஜ ராக்கெட்டுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு போகிறது. அதற்கு இறக்கை இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும். இது இறக்கையை மட்டுமே நம்பிப் பிழைக்கிற ஜீவன். இஞ்சின் இல்லை, பெட்ரோல் இல்லை, பைலட் இல்லை, ஏர் ஹோஸ்டஸ் சத்தியமாக இல்லை. 80 ஜி.எஸ்.எம். தாளில் செய்தால் மொத்த எடை 5 கிராம்.

இந்த ஐந்து கிராம் சமாசாரம் போன மாதம் என் மானத்தை வாங்கிவிட்டது.

அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். ஏழாம் வகுப்பு. ஒரு கையில் சயின்ஸ் நோட்டு, இன்னொரு கையில் பேப்பர் ராக்கெட்.

"மாமா, ஏரோப்ளேன் ஏன் பறக்குதுன்னு ஸார் நோட்ஸ் குடுத்திருக்கார். ரெக்கைக்கு மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. மேலே போற காத்துக்குத் தூரம் ஜாஸ்தி. அதனால வேகமா ஓடுது. வேகமா ஓடினா அழுத்தம் கொறையும். அதனால ரெக்கை மேலே தூக்கப்படும். சரியா?"

"சரிதான். கப்புனு பிடிச்சிட்டியே!"

"அப்போ இதுக்கு?" ராக்கெட்டை என் மூக்கு நுனியில் நீட்டினான். "மேலேயும் தட்டை, கீழேயும் தட்டை. ரெண்டு பக்கமும் ஒரே தூரம். இது ஏன் பறக்குது?"

எனக்குத் தலை கிர்ரென்றது. காரணம், கேள்விக்குப் பதில் தெரியாதது மட்டுமல்ல. இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், ஒன்பதாம் வகுப்பில் நான் கேட்டிருக்கிறேன். ஸார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதிகப்பிரசங்கி" என்றார். பீரியட் முடியும்வரை வராந்தாவில், கையில் ராக்கெட்டுடன், ஒரு சுதந்திரப் போராட்ட வீரரின் சிலை மாதிரி நின்றேன். அதன்பிறகு பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப். பிறகு பி.காம். அந்த ஒரு கேள்வியால்தான் ஒரு விஞ்ஞானியை நாடு இழந்தது என்று சொன்னால் என் மார்க் ஷீட்டே சிரிக்கும். இருந்தாலும் உறுத்தல் இருக்கிறதே!

"உங்க ஸார் கிட்டயே கேக்கறதுதானே?"

"கேட்டேன் மாமா. பரீட்சைக்கு இதையே எழுதுன்னுட்டார்." தோளைக் குலுக்கினான். "பரவாயில்லை விடுங்க. சயின்ஸ்னா கேக்கக் கூடாது போலிருக்கு. மனப்பாடம் பண்ணணும், அவ்வளவுதான்."

இந்தக் கடைசி வரிதான் சுருக்கென்று தைத்தது. பன்னிரண்டு வயதில் ஒரு பையன் இந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது. "நாளைக்குச் சொல்றேண்டா" என்று, கடன் வாங்கினவன் சொல்கிற தோரணையில் சொல்லிவிட்டேன். அடுத்த மூன்று வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் தெரிந்த முதல் விஷயம்: நோட்ஸ் தப்பு. பையன் சரி!

பத்துக்குப் பத்து ரூமில் ஓர் அரிசி மூட்டை

காற்று என்றால் ஒன்றுமில்லாத வஸ்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள பாச்சிலர் ரூமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டில், பக்கெட், துவைக்காத ஜீன்ஸ் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு வெறும் காற்றை மட்டும் எடை போட முடிந்தால், சுமார் 34 கிலோ தேறும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைவிடக் கனம்! ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ.

ஆகவே காற்றைத் தள்ளலாம். தள்ளினால் அது திருப்பித் தள்ளும்.

இதற்கு ஒரு பரீட்சை உண்டு. இரண்டு ஏ4 தாள் எடுங்கள். ஒன்றைக் கசக்கி உருண்டையாக்குங்கள். இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். உருண்டை 'தொப்'. விரித்த தாளோ அப்படியும் இப்படியும் ஆடி, அசைந்து, கடைசியில் சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எடை ஒன்றுதான். பரப்பு கூடியதால் காற்று அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் அந்தத் தாளுக்குத் திசை இல்லை. டிகிரி முடித்து வேலை தேடுகிறவன் மாதிரி, போகிற போக்கில் போகிறது.

அந்தத் தடுமாற்றத்தை ஒரே பக்கமாக வழுக்கிச் செல்லும் பயணமாக மாற்றுகிற வித்தைக்குத்தான் இறக்கை என்று பெயர்.

நியூட்டனுக்கு முன்னால் நம்ம ஆள்!

காமர்ஸ் படித்த வாசகர்கள் இப்போது காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இறக்கை எப்படி வேலை செய்கிறது என்பது இரட்டைப் பதிவு முறை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு உண்டு, இல்லையா? லூகா பாசியோலி என்கிற இத்தாலியப் பாதிரியார் 1494-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். நியூட்டன் 1687-ல் எழுதிய மூன்றாம் விதியும் அதே ஜாடைதான்: ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. நாம் 193 வருஷம் சீனியர்!

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தபோது சின்ன வயதில் கையை வெளியே நீட்டியிருப்பீர்கள். (இப்போது வேண்டாம். கண்டக்டர் திட்டுவார், எதிரே லாரி வரும்.) உள்ளங்கையைத் தரைக்குச் சமமாக வைத்தால் ஒன்றும் ஆகாது. முன்விளிம்பை லேசாக உயர்த்தினால் கை ஜிவ்வென்று மேலே போகும். எதிரே வந்த காற்றைக் கை கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. பதிலுக்குக் காற்று கையை மேலே தள்ளுகிறது. கையில் என்ன வளைவு இருக்கிறது? முக்கியம் சாய்வு ஸார், சாய்வு!

பேப்பர் ராக்கெட்டும் அப்படித்தான். மூக்கை ஒரு சில டிகிரி உயர்த்திய நிலையில் காற்றுக்குள் வழுக்குகிறது. இறக்கையின் அடிப்பக்கம் காற்றைக் கீழே தள்ளுகிறது. மேல்பக்கம் அதைவிடக் கெட்டிக்கார வேலை செய்கிறது. மேலே ஓடும் காற்று நேரே போய்விடாமல், இறக்கையின் முதுகை ஒட்டிக்கொண்டு சரிந்து, அதுவும் கீழ்நோக்கியே வெளியேறுகிறது. மேலே போன பார்ட்டி, கீழே போன பார்ட்டி, இரண்டையும் இறக்கை கீழே அனுப்பிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாமா? தோராயக் கணக்குதான். இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 20 செ.மீ. வேகம் வினாடிக்கு 3 மீட்டர், அதாவது மிதமான ஓட்டம். ஒரு வினாடியில் அந்த இறக்கை பிடித்துத் திருப்பும் காற்று ஏறத்தாழ 100 கிராம். அதை வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கீழே அனுப்பினால் போதும், ஐந்து கிராம் விமானம் கீழே விழாமல் நிற்கும். மாத சம்பளக்காரன் மாதிரிதான். பெரிய தொகை தேவையில்லை, ஒவ்வொரு வினாடியும் தவறாமல் வரவேண்டும். வேகம் போயிற்றா? வரவு நின்றது. விமானம் இறங்கியது.

அப்படியானால் அந்த நோட்ஸ்?

மேலே போகிற காற்றும் கீழே போகிற காற்றும் இறக்கையின் பின்முனையில் ஒரே சமயத்தில் சந்தித்தாக வேண்டும் என்பதுதான் அந்த நோட்ஸின் அஸ்திவாரம். ஏன் சந்திக்க வேண்டும்? இரண்டும் தாலி கட்டிக்கொண்டு கிளம்பினவையா? அப்படி ஒரு சட்டமே இயற்கையில் கிடையாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி என்ற பேராசிரியர், இறக்கையின் மேல் புகையை விட்டு விட்டு அனுப்பிப் படம் பிடித்தார். 2012-ல் அந்த வீடியோ வெளியானது. மேலே போன புகை, கீழே போன புகையைக் காத்திருந்து சந்திக்கவெல்லாம் இல்லை. முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டது! நாஸாவே தன் மாணவர் பக்கங்களில் இந்த 'சந்திப்பு'க் கதையைத் தவறான கொள்கை என்று தலைப்புப் போட்டு விளக்குகிறது.

இன்னொரு சாட்சி: விமான சாகசக் காட்சிகளில் தலைகீழாகப் பறக்கிறார்களே! வளைவுதான் காரணம் என்றால், தலைகீழானதும் விமானம் பூமிக்குள் அல்லவா போகவேண்டும்? பைலட் மூக்கைத் தூக்கிச் சாய்வைச் சரிசெய்துகொள்வதால்தான் பிழைக்கிறார்.

இதனால் பெர்னூலி பாவம், அவர் மேல் பழி போட்டுவிடாதீர்கள். வேகமாக ஓடும் காற்றின் அழுத்தம் குறையும் என்பது சரிதான். இறக்கையின் மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம் என்பதும் நூற்றுக்கு நூறு உண்மை. காகித இறக்கைக்கும் அது நடக்கிறது. 'தூரம் அதிகம், அதனால் வேகம் அதிகம்' என்ற அந்த நடு வரிதான் போலி வவுச்சர். லெட்ஜரில் பார்த்தால் நியூட்டன், கேஷ் புக்கில் பார்த்தால் பெர்னூலி. இரண்டும் டாலி ஆகும்.

பெரிய விமானங்களின் இறக்கையில் வளைவு எதற்கு என்றால், அது திறமைக்கு. குறைந்த இழுவையில் நிறையத் தூக்கு விசை கிடைக்கும். சாய்வு கொஞ்சம் கூடினாலும் காற்று முதுகைவிட்டுப் பிரியாது. நம்ம காகித இறக்கையில் சாய்வு அதிகமானால் மேல்பக்கக் காற்று ஒட்டாமல் கழன்றுவிடும். தூக்கு விசை மளமளவென்று குறையும். மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போன ராக்கெட், அந்தரத்தில் ஒரு கணம் நின்று, யோசித்து, வாலோடு சரிகிறதே... அது இதுதான்.

ஆனால் சின்ன உருவங்களுக்குக் காற்று வேறு மாதிரி நடந்துகொள்கிறது. உருவமும் வேகமும் குறையக் குறைய, காற்றின் பிசுபிசுப்பு ஜாஸ்தியாக உறைக்கும். போயிங்குக்குக் காற்று தண்ணீர் என்றால், காகித விமானத்துக்குக் கொஞ்சம் பாகு மாதிரி. அந்த அளவில் தடிமனான, வளைந்த இறக்கையைவிட மெல்லிய தகடே நன்றாக வேலை செய்யும். தும்பியையும் வண்ணத்துப்பூச்சியையும் பாருங்கள். சவ்வு மாதிரி இறக்கை. அவை நோட்ஸ் படிக்கவில்லை.

மூக்கில் கனம் வேண்டும்

இறக்கை மட்டும் இருந்தால் போதுமா? விரித்த தாள் முழுக்க முழுக்க இறக்கைதானே, அது ஏன் பறக்கவில்லை?

இங்கேதான் அந்த முன்பக்க மடிப்புகளின் ரகசியம். மடித்து மடித்துத் தாளின் கனத்தை மூக்குப் பக்கம் சேர்க்கிறோம். எடை ஒரு புள்ளியில் கீழே இழுக்கிறது. தூக்கு விசை இன்னொரு புள்ளியில் மேலே தள்ளுகிறது. இந்த இரண்டு புள்ளிகளின் உறவில்தான் எல்லாம் இருக்கிறது. கனம் நடுவில் இருந்தால் தாள் குட்டிக்கரணம் போடும். ரொம்ப முன்னால் இருந்தால் நேரே தரையில் மூக்கைக் குத்தும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது.

2022-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லீஃப் ரிஸ்ட்ரோஃப் குழுவினர் இதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். மடிக்காத தாளின் முன்விளிம்பில் மெல்லிய செப்பு டேப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். பிளாஸ்டிக் தகடுகளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வழுக்கவிட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்தது ரொம்ப ருசியான விஷயம்.

பெரிய விமானத்தின் வளைந்த இறக்கையில், தூக்கு விசை விழும் புள்ளி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். ஆகவே மூக்கு ஏறி இறங்காமல் சமாளிக்க, பின்னால் ஒரு வால் இறக்கை தேவைப்படுகிறது. தட்டையான மெல்லிய இறக்கையில் அந்தப் புள்ளி நகர்கிறது! மூக்கு மேலே எழும்பினால் புள்ளி பின்னால் போகிறது. பின்பக்கம் தூக்கப்பட்டு மூக்கு தானாக இறங்குகிறது. மூக்கு கவிழ்ந்தால் புள்ளி முன்னால் வருகிறது, மூக்கு எழும்புகிறது. தராசுத் தட்டை யாரோ கண்ணுக்குத் தெரியாமல் சரிசெய்துகொண்டே இருக்கிற மாதிரி. பேப்பர் ராக்கெட்டுக்கு வால் இல்லாத காரணம் இதுதான். எந்த 'தட்டை'யைக் குறை என்று நினைத்தோமோ, அதுவே அதற்கு பைலட்!

உயரம் என்கிற டெபாசிட்

இஞ்சின் இல்லாத விமானம் எதைச் செலவழித்துப் பறக்கிறது? கை வீசிய வேகம் முதல் இரண்டு விநாடிக்குத்தான். அதன்பின் உயரம்தான் அதன் பாங்க் டெபாசிட். கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தை உடைத்து வேகமாக மாற்றிக்கொள்கிறது. நல்ல இறக்கை என்றால், சிக்கனமான குடும்பத் தலைவி மாதிரி, ஓர் அடி உயரத்தைச் செலவழித்து நாலைந்து அடி தூரம் வாங்கிவிடும். ஜெட் விமானம் இன்னும் சாமர்த்தியசாலி. ஓர் அடிக்குப் பதினைந்து அடியைத் தாண்டும்.

"ஜெட் விமானம் எதற்கு ஸார் வழுக்கப் போகிறது?" என்று கேட்காதீர்கள். வழுக்கியிருக்கிறது. காரணம், நம்மைப் போன்ற ஆசாமிகள் போட்ட ஒரு கணக்கு!

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767, மான்ட்ரியாலில் கிளம்பி ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகிறது. உள்ளே 69 பேர். எரிபொருள் காட்டும் மீட்டர் வேலை செய்யவில்லை. குச்சி விட்டு அளந்து, லிட்டரைக் கிலோவாக மாற்றிக் கணக்குப் போட்டார்கள். கனடா அப்போதுதான் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டருக்கு 1.77 என்று பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண்! கிலோவுக்கு 0.8 என்று போட்டிருக்க வேண்டும். 22,300 கிலோ தேவைப்பட்ட விமானத்தில் அதில் பாதிகூட இல்லை. கணக்குப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் டாலி ஆகியிருந்தது. நமக்கும் எத்தனை தடவை ஆகியிருக்கிறது!

41,000 அடி உயரத்தில் ஒரு இஞ்சின் நின்றது. பிறகு இன்னொன்றும் நின்றது. காக்பிட் திரைகள் இருண்டன. அந்தக் கணத்தில் அத்தனை பெரிய விமானம், நம் ஐந்து கிராம் சமாசாரத்தின் ஜாதிக்கு வந்துவிட்டது. இஞ்சின் இல்லை, இறக்கை உண்டு, உயரம் உண்டு. அவ்வளவே.

காப்டன் ராபர்ட் பியர்ஸன் பொழுதுபோக்காக கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை பைலட் மாரிஸ் குவின்டல், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுதளம் ஒன்று இருப்பதை அறிந்தவர். உயரத்தை வேகமாகவும், வேகத்தைத் தூக்கு விசையாகவும் மாற்றி மாற்றிச் சுமார் 17 நிமிஷம் வழுக்கினார்கள். ஓடுதளத்தை நெருங்கினால், கார் பந்தயக்காரர்கள் குடும்பத்தோடு கூடியிருக்கிறார்கள்! சத்தமே இல்லாமல் ஒரு ஜெட் தலைக்கு மேல் வந்தால் எப்படி இருக்கும்? முன்சக்கரம் சரியாக மாட்டாமல் மடங்கியது. மூக்கு தரையில் உரசித் தீப்பொறி பறக்க விமானம் நின்றது. 69 பேரும் உயிரோடு இறங்கினார்கள். தரையிலும் ஒருவருக்கும் ஆபத்தில்லை. அந்த விமானத்தைப் பழுதுபார்த்து 2008 வரை ஓட்டினார்கள்.

இறக்கையைப் பற்றிய ஞானம் வெறும் இரண்டு மார்க் சமாசாரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு ரெக்கார்டு, இரண்டு ரெக்கை

1903 டிசம்பர் 17-ந்தேதி ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் 12 விநாடி; சுமார் 36 மீட்டர் தூரம். (அன்றே நாலாவது தடவை 59 விநாடி, 260 மீட்டர் என்று அசத்தினார்கள் என்பது வேறு.) காகித விமானம் அந்த முதல் பறத்தலைத் தாண்டிவிட்டது!

அமெரிக்காவின் கென் பிளாக்பர்ன் 1998-ல் 27.6 விநாடி காற்றில் நிறுத்தினார். ஜப்பானின் டகுவோ டோடா 2010-ல் 29.2 விநாடி. இந்த வகைக்கு அகலமான இறக்கை. கொஞ்சம் எடையை நிறையப் பரப்பில் பங்கு போட்டால், மெதுவாகப் பறந்தாலும் போதும், மெதுவாகவே இறங்கும். செங்குத்தாக உயரே வீசி, உச்சியில் டெபாசிட் கட்டிவிட்டு, வட்டமடித்து வட்டமடித்துச் செலவழிப்பார்கள்.

தூரப் போட்டி வேறு ரகம். 2012-ல் ஜான் காலின்ஸ் என்பவர் விமானத்தை மடித்தார். வீசுவதற்கு ஜோ அயூப் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரை அழைத்து வந்தார். மூளை ஒருவர், புஜம் ஒருவர். 69.14 மீட்டர்! 2022 டிசம்பரில் போயிங் கம்பெனி இஞ்சினீயர்கள் இருவரும் அவர்கள் நண்பர் ஒருவரும் சேர்ந்து 88.318 மீட்டர் வீசினார்கள். ஊசி மாதிரி ஒல்லியான விமானம், குறுகிய இறக்கை, சுமார் 40 டிகிரி கோணத்தில் வீச்சு. பகலெல்லாம் நிஜ விமானம் செய்கிறவர்கள், லீவு நாளில் காகித விமானம் செய்கிறார்கள். நாம்தான் மேனேஜருக்கு பயப்படுகிறோம்.

மறக்காமல் ஒருவருக்கு நன்றி சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் சர் ஜார்ஜ் கேலி என்ற பணக்காரர். தூக்குவது ஒரு வேலை, முன்னே தள்ளுவது வேறு வேலை என்று முதலில் பிரித்துப் பார்த்தவர். அதுவரை எல்லோரும் பறவை மாதிரி இறக்கையை அடித்து அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். 1804-ல் கேலி ஒரு சாதாரணப் பட்டத்தை எடுத்து, ஒரு கழியின் மேல் சாய்வாகப் பொருத்தி, பின்னால் வாலும் வைத்து வழுக்கவிட்டார். நம் பேப்பர் ராக்கெட்டின் தாத்தா அதுதான். 1853-ல் அவருடைய பெரிய கிளைடரில் தன் குதிரை வண்டிக்காரரை உட்கார வைத்துப் பள்ளத்தாக்கின் குறுக்கே பறக்கவிட்டதாகச் சொல்வார்கள். இறங்கியதும் வண்டிக்காரர் செய்த முதல் காரியம், வேலையை ராஜினாமா செய்தது என்பது கதை. வண்டி ஓட்டத்தானே சம்பளம், பறப்பதற்கு இல்லையே! நியாயமான தொழிலாளி.

---

செய்து பாருங்கள்!

* மடிப்பை ஸ்கேலால் அழுத்தித் தேய்க்கவும். உப்பலான மடிப்பு வேகத்தைத் தின்றுவிடும்.

* இரண்டு இறக்கையும் அச்சாக ஒன்றுபோல் இருக்கவேண்டும். ஒரு நூல் பிசகினாலும் வட்டமடிக்கும்.

* முன்னால் இருந்து பார்த்தால் இறக்கைகள் லேசாக மேல்நோக்கி, விரித்த புத்தகம் மாதிரி இருக்கட்டும். விமானம் ஒரு பக்கம் சரிந்தால், தாழ்ந்த இறக்கைக்குக் காற்று அதிகச் சாய்வில் கிடைத்து அது தானே எழும்பும்.

* மூக்கைக் குத்துகிறதா? இரண்டு இறக்கைகளின் பின்விளிம்பையும் இரண்டு மில்லிமீட்டர் மேலே வளைக்கவும்.

* மேலே ஏறி, நின்று, விழுகிறதா? வளைத்ததைக் குறைக்கவும். அல்லது மூக்கில் ஒரு ஜெம் கிளிப் மாட்டவும்.

* இடப்பக்கமே போகிறதா? வலது இறக்கையின் பின்விளிம்பை ஒரு மயிரிழை மேலே வளைக்கவும். வலப்பக்கம் என்றால் இடது இறக்கையை.

* ஒல்லி இறக்கையை வேகமாக வீசவும். அகல இறக்கையை, பால் டம்ளரை நீட்டுவது போல் மெதுவாக விடவும். ஃபேனை ஆஃப் செய்யவும்.

---

பாக்கி ஒரு மார்க்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டு மொட்டை மாடியில் பையனுக்கு இத்தனையும் ஒப்பித்தேன். பாதியிலேயே அவன் நான் சொன்னதை விட்டுவிட்டுத் தானாகப் பரிசோதிக்க ஆரம்பித்துவிட்டான். கிளிப்பை முன்னே வைத்தான், பின்னே வைத்தான். பென்சிலில் சுற்றி வளைத்த இறக்கை, தட்டை இறக்கை, தலைகீழ் இறக்கை என்று மாடி முழுக்க விமான நிலையம். காயப்போட்ட வடகத்தில் நாலு கிராஷ் லாண்டிங். அக்கா துடைப்பத்தோடு வந்தாள்.

"எல்லாம் சரி மாமா. பரீட்சையில எதை எழுதறது?"

நல்ல கேள்வி. பி.காமில் இதற்குப் பாடம் இல்லை. "உனக்கு எது சரின்னு தெரிஞ்சுதோ அதை எழுது. ரெண்டு மார்க்தானே?" என்றேன் வீரமாக. "அவனைக் கெடுக்கறதுக்குன்னே வரயாடா?" என்றாள் அக்கா.

எழுதியிருக்கிறான். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, காற்று கீழே, இறக்கை மேலே என்று. இரண்டுக்குப் பூஜ்யம்.

அடுத்த நாள் பேப்பரையும் ஒரு ராக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போய் ஸாரிடம் நின்றிருக்கிறான். ஸார் ராக்கெட்டை வாங்கி, மேலே பார்த்து, கீழே பார்த்து, விரலால் தடவிப் பார்த்தாராம். "யார்றா சொன்னது இதெல்லாம்?" "எங்க மாமா ஸார்." "என்ன படிச்சிருக்கார்?" "பி.காம். ஸார்." வகுப்பே சிரித்ததாம். ஸார் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்லி, ஃபேனை நிறுத்தச் சொல்லி, அவரே மேஜைக்குப் பின்னாலிருந்து ராக்கெட்டை மெதுவாக விட்டாராம். கடைசி பெஞ்சைத் தாண்டிப் போயிருக்கிறது.

"அப்புறம்?" என்றேன் ஃபோனில். என் குரல் எனக்கே ஒன்பதாம் வகுப்புக் குரல் மாதிரி கேட்டது.

"இன்னொரு தடவை விட்டார் மாமா. அப்புறம் பேப்பர்ல பூஜ்யத்தை அடிச்சிட்டு ஒண்ணு போட்டார். ராக்கெட்டை மட்டும் தரலை. அவரே வச்சுக்கிட்டார்."

இரண்டுக்கு ஒன்று. வராந்தாவில் நிற்க வைக்கவில்லை என்கிற வகையில் இந்தத் தலைமுறைக்கு நிகர லாபம். பாக்கி ஒரு மார்க் வசூலாகவில்லை. அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அக்காவுக்குப் பதில் நான் போகிறேன். சட்டைப் பையில் ஒரு ஏ4 தாளோடு.